இருபத்திரண்டாவது பூ

எங்கள் ஊர்ப் பேருந்தை ஓட்டும் ஜெனோனாஸுக்கு வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருஷமாக அதே தடம், அதே பச்சைத் தொப்பி. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிற தைரியம், பெண்களிடம் பேசும்போது எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ! மருந்துக்கடையில் வேலை பார்க்கும் லியூசியாவிடம் நான்கு வருஷமாக அவன் சொன்னதெல்லாம் "பாத்து ஏறுங்க" மட்டும்தான்.

ஏப்ரலில், மரங்கள் துளிர்க்கும் முன்பே, காட்டுச் சருகைத் தள்ளிக்கொண்டு நீலமாய் ஜிபுவோக்லே என்ற சின்னப் பூ பூத்துவிடும். முதல் பூவைக் கண்ட அன்று பேருந்தைப் பத்து நிமிஷம் காட்டில் நிறுத்துவான். எல்லோரும் பூப் பறிக்க இறங்கி ஓடுவோம், மூட்டுவலிக்காரர்கள்தான் முதலில். இந்த வருஷம் எங்களுக்கு முன்னால் அவனே குதித்தான்.

"ஸ்டெஃபானியாக்கா, இன்னிக்கு லியூசியாகிட்ட கேட்டுடப் போறேன். பூவ வாங்கிக்கிட்டா கல்யாணம். இல்லேன்னா வேற ரூட்டுக்கு மாத்திக்கிட்டுப் போயிடுவேன்."

என் காதில் விழுந்தது கடைசி சீட்டுவரை போகாமல் இருக்குமா?

இருபத்தொரு பூ. மூன்று தடவை எண்ணினான். லிதுவேனியாவில் இரட்டைப்படையில் பூ கொண்டுபோவது கல்லறைக்கு மட்டும்தான், உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. நூலால் கட்டி, முன்சீட்டிலிருந்த என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். கட்டு சீக்குக்கோழி மாதிரி மெலிந்து கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? நான் பறித்ததில் ஒன்றை நடுவில் செருகினேன்.

அடுத்த நிறுத்தத்தில் லியூசியா ஏறினாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பூவை நீட்டினான். வாயில் வந்தது "பாத்து ஏறுங்க" மட்டும்தான். அவளோ நாளெல்லாம் மாத்திரை எண்ணுகிறவள்.

"இருபத்திரண்டு இருக்கே. யாருங்க செத்துட்டாங்க?"

அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "ஐயோ, மூணு தடவ எண்ணினேங்க! சத்தியமா!"

"எதுக்கு?"

"உன்னக் கட்டிக்கத்தான்மா!" என்று கடைசி சீட்டு கத்தியது.

ஊர்க்கதை பேசும் என் வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. பாவி, ஒரு மனுஷன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே!

லியூசியா கட்டின் நடுவிலிருந்து ஒரு பூவை உருவி, அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"எனக்கு இருபத்தொண்ணு, உங்களுக்கு ஒண்ணு. இப்ப ரெண்டு பேருமே உசிரோட இருக்கோம். வண்டிய எடுங்க, கடை திறக்கணும்."

எடுத்தான். கதவைத்தான் மூட மறந்துவிட்டான். சந்தைவரை குளிர்காற்று உள்ளே அடித்தது, மூடச் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரவில்லை, சிரித்துக்கொண்டே நடுங்கினோம்.

அது யார் வைத்த பூ என்று ஜூனில் நடந்த கல்யாணத்தில்கூட நான் சொல்லவில்லை. என் வயிற்றில் தங்கிய ஒரே ரகசியம் அதுதான். இப்போது அதுவும் போயிற்று.