‘படு’ வந்தால் பேசிவ்

ஆக்டிவ் வாக்கியத்தைப் பேசிவாக, அதாவது செய்வினையைச் செயப்பாட்டுவினையாக, புரட்டிப்போடுவதில் சுடர்விழியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூத்தாநல்லூரில், உரக்கடை மாடியில் இருக்கும் அரசுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் இங்கிலீஷ் எடுக்கிறாள். காலையில் இட்லியை விண்டால் ‘இட்லி என்னால் தின்னப்படுகிறது’ என்று மனசு தானாகச் சொல்லும். கண்டக்டர் விசில் ஊதினால் போதும், விசில் கண்டக்டரால் ஊதப்பட்டுவிடும். அப்படி ஒரு பைத்தியம்.

படிக்கிறவர்களுக்கு அவள் ஒரு குறுக்குவழி கொடுத்திருந்தாள். தமிழில் ‘படு’ வந்தால் இங்கிலீஷில் பேசிவ். எழுதப்பட்டது, விதைக்கப்பட்டது, அறுக்கப்பட்டது. சுலபம்தானே?

அந்த வகுப்பில்தான் பரிதி இருந்தான். சொந்தமாக அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். அறுவடைச் சமயத்தில் சட்டையெல்லாம் நெல்சுணையோடு வந்து, கடைசி பெஞ்சில் சொரிந்துகொண்டே எழுதுவான். அவன் வராத நாளில் சுடர்விழிக்குப் பாடமே ஓடாது. அவனுக்கும் தன்மேல் பிரியம் உண்டென்று அவளுக்குத் தோன்றும். ஆனால் அவன் வாயைத் திறந்தால்தானே? இவளும் திறக்கமாட்டாள். மிஸ் போய் முதலில் சொல்வதாவது, மானம் என்னாவது!

இதற்குள் அவளுடைய அப்பா ரெத்தினம் நாகப்பட்டினத்தில் ஒரு வரன் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிடுவார்களாம். சுடர்விழிக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில், பரிதியின் காதில் விழட்டும் என்றே, ஞாயிறு வகுப்பு கிடையாது, என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எல்லோருக்கும் அறிவித்தாள்.

சனிக்கிழமை காலை பரிதியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி வந்தது. ‘ஐ ஆம் டிசையர்ட் பை யூ.’

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன்மேல் அவள் ஆசைப்படுகிறாளாம்! உள்ளதுதான், ஆனால் இவனுக்கு யார் போட்டுக்கொடுத்தது? முகம் கொதிக்க ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, அவன் அறுத்துக்கொண்டிருந்த வயலுக்கே போய்ப் போனை நீட்டினாள்.

“என்னங்க திமிரு இது?”

பரிதி மிஷினை நிறுத்திவிட்டு இறங்கினான். தமிழில் சொல்ல வெட்கமாக இருந்ததாம். ‘நான் உங்கள்மேல் ஆசைப்படுகிறேன்’ என்பதைத்தான் இங்கிலீஷில் எழுதினானாம்.

“நீங்கதானே மிஸ் சொன்னீங்க, ‘படு’ வந்தா பேசிவ்னு.”

சுடர்விழி மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஆசைப்படு, வெட்கப்படு, கவலைப்படு, எல்லாவற்றிலும் இந்தப் பாழாய்ப்போன ‘படு’ உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஆசைப்படுகிறவன்தானே அங்கே ஆசையைச் செய்கிறவன்! குறுக்குவழி சொல்லிக்கொடுத்த லட்சணம் இது. கோபம் போன இடம் தெரியவில்லை. சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்து வழுக்கிச் சேற்றில் ஒரு காலை விட்டாள். சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. இருந்தும் மிஸ் மிஸ்தானே, ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

“சரி, இத ஆக்டிவ்ல மாத்துங்க.”

பரிதி கையைக் கட்டிக்கொண்டு யோசித்தான். கடைசியில் இருக்கிற ஆள் முன்னால் வரவேண்டும், முன்னால் இருக்கிற ஆள் பின்னால் போகவேண்டும்.

“யூ டிசையர் மீ” என்றான். சொன்ன பிறகுதான் அர்த்தம் உறைத்தது. காது சூடாகி, தப்பாகிவிட்டதா மிஸ் என்று கேட்டான்.

“தப்பில்ல, கரெக்ட்டுதான்” என்றாள் சுடர்விழி. “நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி வந்து எங்கப்பாகிட்ட சொல்லிடுங்க. தமிழ்லயே சொல்லுங்க.”