பேஸ் என்ற சொல் வந்த பக்கம்

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு டொக்கு அக்கா என்று பெயர். வைத்தவன் எவனோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான். அங்கே அச்சுக்குப் போகுமுன் ஒருவர் கைப்பிரதியை வாய்விட்டு வாசிப்பார். எதிரில் இருப்பவர் அச்சுப்படியில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பார். வரி சரியாக இருந்தால் மேசையில் பென்சிலால் ஒரு தட்டு. 'டொக்' விழுந்தால்தான் அடுத்த வரி. பல வருடமாக அந்தத் தட்டு அவளுடையது. அவள் தட்டிவிட்டால் தலைமைப் பதிப்பாசிரியரே மறுபேச்சுப் பேசமாட்டார்.

அப்படிப்பட்டவளைத்தான் காது காலை வாரிவிட்டது. முழுச் செவிடு என்றாலாவது நாலு பேருக்குத் தெரிந்து ஒரு வழி பிறந்திருக்கும். இது கள்ளத்தனமான கோளாறு. கரண்டி விழுந்தால் கேட்கும், கதவு கீச்சிட்டால் கேட்கும். தண்ணீர் மோட்டார் ஓடுவது கேட்காது. தொட்டி நிரம்பி மாடிப்படியெல்லாம் வழிந்த அன்று, "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?" என்று வீட்டுக்காரர் கத்தினார். சிரித்து மழுப்பிவிட்டு, மறுநாள் யாருக்கும் சொல்லாமல் மருத்துவரிடம் போனாள். அடியில் இருக்கிற கட்டையான ஒலிகள் போய்விட்டன என்றார் அவர். மேலேயும் பரவலாம், பரவாமலும் போகலாம். பாழாய்ப்போன அந்த 'லாம்' அன்றிலிருந்து அவளை விட்டு நகரவில்லை. வீட்டுக்காரருக்கு வேலை போய், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கேட்பதற்குத்தான் அந்தச் சம்பளம்.

பெண்கள் வாசித்தவரை எப்படியோ ஒப்பேற்றினாள். பிறகு புதிதாக ஒருவர் வந்தார். நாற்பது வயது, சோடாப்புட்டிக் கண்ணாடி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. கண் சரியாகத் தெரியாமல் தாளை மூக்குக்கு நேராகப் பிடித்து வாசிப்பார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. அவள் காதில் விழுந்ததெல்லாம் 'ச்', 'ட்' என்ற சொல்லோரங்கள்தான். பார்த்தாள். வரி முடிந்ததும் மூச்சிழுக்க அவர் தோள் ஏறும். தோள் ஏறினால் டொக். ஐயோ, என்ன நெஞ்சழுத்தம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவளுக்கே தெரியும்.

'பேஸ்' என்ற ஆங்கிலச் சொல் வந்த பக்கத்தில் குட்டு உடைந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே எழுதிய பதிவு அது. இசையில் ஆக அடியில் நிற்கும் ஒலி, அந்தக் குரலில் பாடும் ஆண், அந்த ஒலியைத் தரும் கருவி என்று பொருள் கொடுத்து, சொல்லின் பிறப்பையும் எழுதியிருந்தாள். லத்தீனில் அது குட்டை, தாழ்வு என்று பொருள்பட்ட சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு ஒலியைப் பிடித்துக்கொண்டது. "நம்ம பேச்சுலயும் கட்டையான ஆளுன்னா குட்டை, கட்டைக்குரல்னா அடிக்குரல். அவனும் நாமளும் ஒரே மாதிரிதான் யோசிச்சிருக்கோம்!" என்று அன்று அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அந்தப் பிறப்பு வரிதான் அச்சில் விட்டுப்போயிருந்தது. கண் தாளில் இருந்திருந்தால் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்திருப்பாள். கண்தான் புதியவர் தோளில் இருந்ததே.

தலைமைப் பதிப்பாசிரியர் தாளோடு வந்து புதியவர்மேல் பாய்ந்தார். "நீங்க இந்த வரிய வாசிக்கவே இல்ல. வாசிச்சிருந்தா இந்தம்மா விட்டிருக்குமா?"

"வாசிச்ச மாதிரிதான் சார் இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்ல, கண்ணு தாண்டிப் போயிருக்குமோ என்னமோ."

"கண்ணு சரியில்லாதவருக்கு இங்க என்ன வேலை? நாளையிலேர்ந்து வரவேணாம்."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் பிழைத்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உலகத்தில் நடக்காததா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்போது அவர் அவள் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை முகத்தைத் தாள் மறைக்கவில்லை. உதட்டில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "அவர் வாசிச்சிருப்பார் சார். எனக்குத்தான் கேக்கல."

"ஒரு வரிதானேம்மா, கவனம் தப்பியிருக்கும்."

"ஒரு வரி இல்ல சார். அவர் வந்ததுலேர்ந்து ஒண்ணுமே சரியா கேக்கல. அவர் மூச்சு வாங்கறதப் பார்த்துத் தட்டிட்டு இருந்தேன்."

பதிப்பாசிரியர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அப்போ இவர் வந்தப்புறம் பார்த்த பக்கமெல்லாம் மறுபடி பாக்கணும்," என்றார். "அச்சகத்துக்கு நான் எந்த முகத்தோட போவேன்?" அவர் கையை நீட்டி அவள் விரலிலிருந்து பென்சிலை உருவினார். உயிரையே உருவின மாதிரி இருந்தது அவளுக்கு. பென்சிலைப் புதியவர் முன்னால் வைத்தார்.

"இவர் தட்டட்டும். நீ வாசி. வாய் நல்லா இருக்கில்ல? எத்தன நாளைக்குன்னு என்னைக் கேக்காதே. எனக்கும் தெரியாது."

அவர் போனபிறகு இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவள் கைப்பிரதியை எடுத்தாள். தன் கையெழுத்தையே முதல்முறை பார்க்கிறவள்போல் வாசித்தாள்.

"பேஸ். செவிக்கு எட்டும் ஒலிகளுள் மிகவும் தாழ்ந்தது."

தட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவர் பென்சிலைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, அச்சுல தப்பா?"

அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குத் தெரியும்படி உதட்டை மெதுவாக அசைத்தார். "அச்சுல சரிதான்க்கா. செவிக்கு எட்டும்னு போட்டிருக்கு. உங்க எதிர்ல எப்படித் தட்டறது?"

"உங்களுக்கு எட்டுதில்ல? தட்டுங்க," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வரியை மறுபடி கொஞ்சம் உரக்கவே வாசித்தாள்.