ரசீது இல்லாத வலி

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வாகீஸ்வரி பேச்சை ஆரம்பிக்கிறார். அந்த விசிறி கிறீச்சிடும். அடிபட்டு வருகிறவர்களின் குரலோ பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். நெற்றியில் வியர்வை வழிய, “ம், இப்ப சொல்லுங்க. லோரி எந்தப் பக்கம் வந்துச்சு?” என்று கேட்கிறார்.

மலேசியாவின் கோல சிலாங்கூர் பழைய கடைவரிசையில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது வழக்கறிஞர் கனகலிங்கத்தின் அலுவலகம். வாகீஸ்வரி அங்கே கிராணி, அலுவலக எழுத்தர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் விபத்து வழக்குகள் முதலில் அவருடைய மேசைக்குத்தான் வரும். மேசைமேல் ஒரு பொம்மை லோரி. துணி மாட்டும் கிளிப்புதான் சைக்கிள், சோடாப் புட்டி மூடி மோட்டார் சைக்கிள், அடிக்கோல் சாலையின் நடுக்கோடு. வந்தவர் தம் கையாலேயே விபத்தை நடத்திக் காட்ட வேண்டும். சிலர் அந்தச் சின்ன லோரியைத் தொடவே தயங்குவார்கள். வாகீஸ்வரி அவசரப்படுத்த மாட்டார். பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்துக்கொண்டு காத்திருப்பார்.

சட்டச் சொற்களை அப்படியே விழுங்கிவிட்டுத் தலையாட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. “எனக்குத் திருப்பிச் சொல்லுங்க, உங்க பேச்சிலயே” என்பார். ‘ஸ்பெஷல் டேமேஜஸ்’ என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் ஏதோ பெரிய தொகை என்று மகிழ்ந்துபோனபோது, “ஸ்பெஷல்னா ஒசத்தி இல்ல லா. மருந்துச் செலவு, டாக்சிக் காசு, ரசீது காட்டுறது எல்லாம் ஸ்பெஷல். ரசீது இல்லாத வலி இருக்கு பாருங்க, அது ஜெனரல்” என்றார். என் மாமனாரின் வழக்குக்காக அவர் முன்னால் போட்டிருந்த பெஞ்சில் பல நாள் உட்கார்ந்திருந்த எனக்கே அன்றுதான் அது விளங்கியது.

வாகீஸ்வரியுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்து மக்களிடம் பேசும்போது தோட்டத்துத் தமிழ் சரளமாக வரும். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழுக்குத் தாவிவிடுவார். அந்தக் கோபத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

செல்லன் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். விடியுமுன் வேலைக்குச் சைக்கிளில் போனவரைப் பின்னாலிருந்து வந்த லோரி இடித்து, வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. அன்று மனைவி நல்லம்மாளோடு மாடியேறி வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“கேஸு வேணாம்மா. வாபஸ் வாங்கிக்கிறேன்.”

வாகீஸ்வரி எழுந்து விசிறியை நிறுத்தினார். “ஏன் தம்பி?”

“என் மேலயும் நெக்லிஜன்ஸ்னு லோரிக்காரன் வக்கீலு எழுதியிருக்காராமே. அப்படின்னா குத்தம்னு வேலைய மேய்க்கிற எங்க மண்டோரு சொன்னாரு. சைக்கிள்ல பின்லைட்டு இல்லாம போனது நெசம்தானே? கோர்ட்டுல அதக் கேட்டுட்டு என்னைய உள்ள தள்ளிட்டா, இவ எங்க போவா?”

“லைட்டு எரிஞ்சிச்சுன்னு சொல்லிப்புட்டா என்னம்மா?” என்றார் நல்லம்மாள் மெதுவாக.

“என்ன கதை கதைக்கிறியள்!” வாகீஸ்வரி தட்டியதில் மேசை அதிர்ந்தது. “ஒரு பொய் பிடிபட்டால் உங்கட உண்மையள் எல்லாம் போச்சு!”

 பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, கிளிப்பை அடிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது போலீஸ் கேஸு இல்ல. இதுல ஜெயிலே கெடையாது. நெக்லிஜன்ஸ்னா இந்த எடத்துல கவனக்குறைவு, அவ்வளவுதான். லைட்டு இல்லாம போனீங்க, அது ஒங்க பங்கு. முன்னால ஆளு போறதப் பாக்காம வேகமா வந்தான், அது அவன் பங்கு. யாருக்கு எவ்வளவுன்னு ஜட்ஜு பிரிப்பாரு. ஒங்க பங்கக் கழிச்சிக்கிட்டு மிச்சத்த அவங்க குடுக்கணும். எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

செல்லன் இரண்டு முறை தடுமாறி, மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். பிறகுதான் உட்கார்ந்தார்.

“இந்தக் காலால வேலையத் தவிர வேற என்ன செய்ய முடியல?”

 செல்லனுக்குப் பதிலாக நல்லம்மாள்தான் சொன்னார்: “ஞாயித்துக்கெழம ஆத்துக்கு எறா புடிக்கப் போவாரு. படகுல குந்த முடியலைன்னு தூண்டில வித்துட்டாரு.”

“அதுக்கும் சட்டத்துல ஒரு பேரு இருக்கு. ‘லாஸ் ஆஃப் அமெனிட்டீஸ்’. வாழ்க்கையில அனுபவிச்ச சந்தோசம் போனதுக்கு ஈடு.”

“எறா புடிக்கிறதுக்குக் கூடவா?” என்றார் செல்லன்.  மனைவி பக்கம் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளில் அந்த இழப்பை ஓர் இழப்பென்று யாரும் அவரிடம் சொன்னதில்லை போலும்.

கிள்ளான் கோர்ட்டில் விசாரணை நடந்த அன்று மாமனாரின் வழக்குத் தவணைக்காக நானும் அங்கே இருந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், சைக்கிளில் விளக்கு இருந்ததா என்று கேட்டார். “இல்லைங்க. அது என் பங்கு” என்றார் செல்லன், நீதிபதியை நேராகப் பார்த்து. “முன்னால போறவனப் பாக்காதது அவரு பங்கு.” நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னார். பின்னால் வந்த தீர்ப்பில் பெரும்பங்கு லோரிமீதே விழுந்தது. இறால் பிடிக்க முடியாமல் போனதற்கும் அதில் ஒரு வரி எழுதியிருந்தது.

தீர்ப்பு சொன்ன அன்று கோர்ட்டின் வெளிப்படியில் வெயில் சுட்டது. கணவனின் விபத்து வழக்குக்காக வந்திருந்த அம்சவள்ளி என்ற பெண், “இந்த லையபிலிட்டின்னா என்னாம்மா?” என்று வாகீஸ்வரியை நெருங்கிக் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள், “அது ஒண்ணுமில்ல தங்கச்சி, பயப்படாத. யாரு பங்கு எவ்வளவுன்னு பாக்குறதுதான்” என்று செல்லன் முந்திக்கொண்டு விளக்கத் தொடங்கினார். வாகீஸ்வரி கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்து, தாம் வெயிலில் நின்றபடி, அவர்கள் இருவர் தலைக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டார்.