காப்புக் கட்டிய கையும் காலை மாத்திரையும்

விடிந்ததும் நான் செய்கிற முதல் வேலை, என் வீட்டுக்காரரைச் சிரிக்கச் சொல்வது. வாய் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு இரண்டு கையையும் தூக்கச் சொல்வேன். ஊர் பேரைச் சொல்லச் சொல்வேன். “போலீஸ் ஸ்டேசன்ல கூட இம்புட்டு விசாரணை கெடையாது புள்ள” என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பு குழறாமல் வந்துவிட்டால் எனக்கு மூச்சு வரும். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

செவ்வாய்க்கிழமை விளக்குப் பூசைக்கு வருகிற அக்கா தங்கச்சிமாருக்கு எங்கள் கதை அரைகுறையாகத் தெரியும். பேச்சியம்மா புருசனைக் காளியாத்தா காப்பாற்றிக் கொடுத்தாள் என்று தெரியும். எந்த வழியாகக் காப்பாற்றினாள் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. தெரியாமல் சிலர் தப்பாகவும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

எங்களுக்குக் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீடு கீழே ராசிங்காபுரத்தில். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசி மழையில், காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வைத்து அவருக்கு முதல் தடவை வாதம் வந்தது. ஈரக்காய்ச் சாக்கைத் தூக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஜீப்பு ஓட்டுகிற முருகேசன் அவரை மடியில் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லி என்னைப் பின்னால் ஏற்றினான். அந்தப் பாதையில் கல்லுக்குக் கல் ஜீப்பு குதிக்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் அவர் தலை என் மடியில் துணிமூட்டை மாதிரி ஆடியது. “மாமா, மாமா” என்று கூப்பிடுகிறேன். கண் திறந்திருக்கிறது, பதில் இல்லை.

தேனி ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். வலது கையும் பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பின. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஒரு தடவ வந்தவங்களுக்கு மறுதடவ வர்றது சுலபம்மா. அது வராமப் பாத்துக்கிறதுதான் இனிமே வைத்தியம். பிரசர் மாத்திரை, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை. நாங்க சொல்லாம ஒண்ணக்கூட நிறுத்தக் கூடாது. பீடி ஆகாது. உப்பக் கொறைங்க. தெனமும் நடக்கச் சொல்லுங்க. கை மரத்தாலோ பேச்சு கொழறினாலோ, அது தானா சரியாப் போனாலும், வாயில எதுவும் குடுக்காம ஒடனே கொண்டாங்க.”

மறுதடவை என்கிற சொல் அன்றைக்கு என் காதுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. அவர் இருமினால் பயம். தூங்கி எழச் சுணங்கினால் பயம். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பேன்.

அவரும் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தார். மலையில் பாலில்லாத கட்டன் சாயாவும் பீடியும் கருவாடுமாகவே வாழ்ந்த மனுசன் அத்தனையையும் விட்டார். பீடிக்கு வாய் ஊறும்போது தோட்டத்து ஏலக்காய் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொள்வார். மாங்காய் ஊறுகாய்ப் பரணியை நான் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தபோது மட்டும், பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற மாதிரி வாசல் வரைக்கும் வந்து பார்த்தார்.

கையில் முழுசாகப் பலம் வந்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

போன சித்திரையில் எங்கள் காளியாத்தாளுக்குத் திருவிழா சாட்டினார்கள். கை கால் திரும்பினால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நேர்ந்திருந்தார். நானும் சந்தோசமாகச் சம்மதித்தேன். மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைப் பூசாரி அவர் வலது மணிக்கட்டில் காப்பாகக் கட்டினார். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காப்புக் கட்டியவர் ஒரு வேளைதான் சாப்பிடுவார். திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் தெய்வக் குற்றம். பக்கத்தில் இருக்கிற போடிக்குக் கூடப் போக முடியாது.

தினமும் காலையில் மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் நான்தான் வைப்பேன். தண்ணீர்ச் செம்போடு கொல்லைப்பக்கம் போவார், வெறுங்கையோடு திரும்பி வருவார். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தீச்சட்டிக்கு முந்தின நாள் காலை. குளித்துவிட்டு வந்து மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். வேட்டி நழுவியது. எடுத்துச் செருகினார், மறுபடி நழுவியது. நான் சிரித்துக்கொண்டே, “என்ன மாமா, புது மாப்ள மாதிரி தடுமாறுறீங்க” என்றேன். அவர் என்னமோ பதில் சொன்னார். அது பேச்சாக இல்லை, வாய்க்குள் களி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. வாய் ஓரம் கீழே இறங்கியிருந்தது. வலது கை பிடிமானம் இல்லாமல் தொங்கியது.

அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு முருகேசனுக்குப் போன் போட்டேன். பேசி முடிப்பதற்குள் வாய் நேராகிவிட்டது. கையை மடக்கி நீட்டிக் காட்டினார்.

“சரியாப் போச்சு புள்ள. வெறும் வயிறு, அதான் கெறக்கம்.”

“மாத்திர போட்டீங்களா மாமா?”

தலையைக் குனிந்துகொண்டார். திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் சாமி படத்தைக் கண்ணால் காட்டினார். காளியாத்தா படத்துக்குப் பின்னால் கையை விட்டால் ஒரு காகிதப் பொட்டலம். நான் அவர் கையில் வைத்த மாத்திரை அத்தனையும் அதற்குள் இருந்தது.

“காப்புக் கட்டுன ஒடம்புல இங்கிலீசு மருந்து எதுக்குன்னு ஆத்தா காலடியிலயே வச்சுட்டேன். இனிமே அவ பொறுப்பு” என்றார்.

கோபமா, பயமா, எது முந்தியது என்று எனக்கே தெரியவில்லை. “கெளம்புங்க, ஆசுபத்திரிக்குப் போவோம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “காப்போட எல்லை தாண்ட மாட்டேன். ஆத்தா குடுத்த கைய ஆத்தாளே பிடுங்கிக்கிருவா. நாளைக்குச் சட்டி எடுத்துட்டு வர்றேன்.”

நாளைக்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கெஞ்சினேன், திட்டினேன். மனுசன் அசையவில்லை. அவரை விட்டுவிட்டுப் போகவும் பயம், பார்த்துக்கொண்டே இருக்கவும் பயம். ஜீப்போடு வந்து சேர்ந்த முருகேசனை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தெருக்கோடியில் இருக்கிற கோவிலுக்கு ஓடினேன்.

ஆத்தா முன்னால் விழுந்தேன். மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை. “குத்தம்னா ஏம் மேல போடு ஆத்தா. அந்தக் கையக் கேக்காத. அந்தாளு ஓம் பேரச் சொல்லிச் சாகப் பாக்குறாரு, நான் சொன்னாக் கேக்க மாட்றாரு. நீயே ஒரு வார்த்த சொல்லு.” இவ்வளவுதான் என் பிரார்த்தனை. அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தேன்.

சன்னிதிக்குப் பக்கத்தில் பூசாரி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் எல்லோரையும் விடக் கடும் விரதம் அவருக்கு. கோவிலை விட்டு வீட்டுக்குக் கூடப் போகாதவர். அவர் மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கினார். ஆத்தா தீர்த்தத்தை உள்ளங்கையில் ஊற்றி, மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். அவர் மணிக்கட்டிலும் அதே மஞ்சள் காப்பு.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “அண்ணே, காப்போட மாத்திர போடுறீங்களா?” என்று கேட்டேன்.

“சக்கரை மாத்திரத்தா. போடாம மயங்கி விழுந்தா ஆத்தாளுக்கு யாரு மணியாட்டுறது?” என்றவர் என் முகத்தைப் பார்த்தார். “என்னத்தா, என்ன ஆச்சு?”

அழுகையோடு அழுகையாக விசயத்தைச் சொன்னேன். அவர் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. ஆத்தா மேல் சாத்தியிருந்த வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெரசாக நடந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் கையிலிருந்த மாத்திரை அட்டையை என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார். “மாப்ளே, நானே இதப் போட்டுத்தான் ஆத்தாளத் தொடுறேன். நீ என்ன, எனக்கு மேல விரதமா?”

“எல்லை?” என்று மட்டும் கேட்டார் இவர்.

பூசாரி வெளியே போய் ஜீப்பின் முன்பக்கம் வேப்பங்கொத்தைச் செருகினார். “ஆத்தா முன்னால போறா. அவ போற எடமெல்லாம் அவ எல்லைதான். ஏறு வெரசா.”

ஏறினார். எல்லைக்கல்லைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் காப்பைப் பொத்திக்கொண்டார். தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். “பேச்சி, திரும்ப மரக்குது” என்றார். குரல் பாதியில் குழறியது. ஆத்தா கோபித்துக்கொண்டாளோ என்று அந்த நிமிசம் எனக்கும் தோன்றியது. பொய் சொல்லக் கூடாது, தோன்றியது. தாகமாக இருக்கிறது என்று சாடை காட்டினார். டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஜீப்பு முன்னால் ஆடிக்கொண்டிருந்த வேப்பங்கொத்தை மட்டும் பார்த்துக்கொண்டே தேனி வரைக்கும் போனேன்.

ஊசி போடுவதற்காக நர்சுப் பிள்ளை காப்புக் கயிற்றை வெட்டக் கத்தரியை எடுத்தது. நான் அவர் கையைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிம்மா, அந்தக் கையில போடுறேன்” என்று இடது கையைப் பிடித்தது. அதன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா வந்தார். பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்றார். ரத்தக்குழாயில் அடைப்பு வந்து வந்து விலகியிருக்கிறது, அடுத்தது விலகாமல் நின்றுபோயிருக்கலாம், நல்லவேளை வந்தீர்கள் என்றார். நான் கொண்டு வந்திருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து டாக்டரம்மா கையில் கொடுத்தேன்.

“ஏன்யா நிறுத்துனீங்க?”

“நல்லாத்தான இருந்துச்சு” என்றார் இவர்.

“இதப் போட்டதாலதான நல்லா இருந்துச்சு?”

இவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கலியாணம் ஆகி இத்தனை வருசத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் பயம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் ஆத்தா முன்னால் பொய் சொன்னவள் ஆவேன். ஆனால் இப்போது அந்தப் பயத்துக்கு வேலை கொடுத்திருக்கிறேன். தினமும் அவர் மாத்திரையை என் கண் முன்னால், ஆத்தா படத்துக்கு எதிரில் நின்றுதான் விழுங்குகிறார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டவும் செய்கிறார், அவ்வளவு நம்பிக்கை எங்களுக்குள். பிறகு இரண்டு பேரும் எல்லைக்கல் வரைக்கும் நடந்து போய்த் திரும்புகிறோம். உப்பில்லாத குழம்புக்குச் சண்டை போடுவது மட்டும் நிற்கவில்லை. தோட்டத்துக்குப் போகும்போது மாத்திரை டப்பாவை முருகேசன் ஜீப்பிலேயே கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறான்.

இந்தச் சித்திரையில் திரும்பவும் திருவிழா வந்தது. வெறும் வயிற்றோடு சட்டி எடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேர்த்திக்கடன் நிற்கிறதே என்று அவருக்கு ஒரே வேதனை. பூசாரி அண்ணனிடம் கேட்டோம். பெண்டாட்டி எடுத்தால் ஆத்தா வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள் என்று கேட்டுவிட்டு, எனக்குக் காப்புக் கட்டினார்.

தங்கச்சிமாரே, உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு ஆள் இருந்தால், ஆத்தா காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விரதம் இருக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இருங்கள். மாத்திரையை மட்டும் அவள் படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். அவள் முன்னால் நின்று விழுங்கச் சொல்லுங்கள். நான் கேட்ட ஒரு வார்த்தைக்கு அவள் கொடுத்த பதில் அதுதான்.

தீச்சட்டியோடு நான் எங்கள் தெருவுக்குள் வந்தபோது வெயிலில் தரை கொதித்தது. சட்டி எடுத்து வருகிறவர் காலில் வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் வாசலில் அவர் நின்றிருந்தார். பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர், அதில் வேப்பிலை. பெண்டாட்டி காலில் ஊற்றுகிறாரே என்று யாரோ கேலி பேசினார்கள். அவர் காதில் வாங்காமல் குனிந்தார். எனக்குச் சட்டியின் சூடு தெரியவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைசெம்பு, வலது கை. ஒரு சொட்டு சிந்தாமல் என் பாதத்தில் ஊற்றினார்.