ழகரத்தின் வால்

வளைவு முடியும்வரை மூச்சு விடமாட்டாள். பட்டை முனைப் பேனா தாளைத் தொடும்போது அடக்கிய மூச்சு, எழுத்தின் வால் சுழித்து மேலே ஏறி நின்ற பிறகுதான் வெளியே வரும். அதுவரை யார் கூப்பிட்டாலும் பதில் கிடையாது. வாசலில் வந்து நிற்பவர்களிடம் மகள் சொல்வாள்: "அம்மா முங்கியிருக்காங்க. மேல வந்ததும் சொல்றேன்."

அழைப்பிதழ்களுக்கும் நகைப்பெட்டிகளுக்கும் அத்தர் புட்டிகளுக்கும் போடுகிற அலங்கார எழுத்துருக்கள் செய்வது அவள் தொழில். முதலில் கையால் எழுதுவாள். பிறகு கணினியில் ஏற்றி, புள்ளி புள்ளியாக இழுத்துச் செதுக்குவாள். எழுத்துகளோடு நாத்தனார்போலச் சண்டை வேறு. "இவ்வளவு அகலமா காலை நீட்டினா, பக்கத்துல வர்றவ எங்கடி உக்காருவா?" மனத்துக்குப் பிடித்த எழுத்து அமைந்துவிட்டால், "பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுட்டு படி இறங்கறா பாரு" என்று கொஞ்சுவாள்.

சில வாரங்களாக ழகரத்தின் வால் சொன்னபடி கேட்கவில்லை. நீண்ட கீழ்வளைவின் நடுவே மெல்லிய அலை ஒன்று ஓடியது. முனையை மாற்றினாள். தாளைத் திட்டினாள். மேசைக் காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தாள். திரையில் பெரிதாக்கினால் அலை அப்படியே நின்றது. வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் புள்ளிகளை அழித்து வழவழப்பாக்கிவிடுவாள். அவள் அப்பாவுக்குக் கை நடுக்கம் சட்டைப் பொத்தான் போடுவதில்தான் ஆரம்பித்தது. கடைசியில், சோற்றுக் கரண்டி அவர் வாய்வரை போய்ச் சேர இன்னொருவர் கை வேண்டியிருந்தது.

போன வாரம் அவசரத்தில், செதுக்காத எழுத்துகளே அச்சகக்காரருக்குப் போய்விட்டன. மறுநாள் தொலைபேசியில் அவர் குதித்தார்.

"அக்கா, அந்த வால் லேசா நடுங்குது பாருங்க, அதாங்க்கா உயிரே! மிஷின் எழுத்து மாதிரியே இல்ல. எல்லா எழுத்துலயும் அதே நடுக்கத்தைப் போட்டுக் குடுத்துடுங்க."

"அதுக்கென்ன தம்பி, போட்டுடலாம்" என்றாள்.

நடுங்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாள். நடுங்கியது. நடுங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தாளில் எழுதினாள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. சேர்த்துக் கசக்கினாள்.

துவைத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கணவர் அறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"வேணும்னுதானே ஆட்டற?"

"பின்னே? கேட்டது அவங்கதானே. நடுக்கத்துக்கு இப்ப நல்ல கிராக்கிங்க."

அவர் சிரிக்கவில்லை. துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"கையை நீட்டு, பாப்போம்."

"எதுக்கு, ஜோசியம் பாக்கப் போறீங்களா?"

"நீட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தாள். வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, இடது கையை நீட்டினாள்.