ஷாமினி சொன்ன மூன்று மாதம்

தினேஸ்வரி மலேசியாவில் சுங்காய் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை. இருபத்திரண்டு வயதில் ஈப்போவுக்கு வந்து, பேருந்து நிலையத்தில் டிக்கெட் விற்கும் வேலையில் சேர்ந்தாள். மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல். அதனால் பயணிகளிடம் உதட்டை அதிகம் திறக்காமலே பேசப் பழகியிருந்தாள். கொரோனா ஓய்ந்து எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிய பிறகும் அவள் மட்டும் ஒரு வருடம் அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் பெயர் பதிந்தாள். பெரியவர்களுக்கு வரிசை நீளம், சில வருடம்கூட ஆகலாம் என்றார்கள்.

"அவ்ளோ வருஷம் பொறுத்துக்கிட்டு யாரு தாஹான் பண்றது?" என்றாள் ஷாமினி.

ஷாமினி அவளோடு அதே கவுண்டரில் வேலை செய்தவள். ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஒரே வாடகை வீட்டில் ஆறு வருடம் ஒன்றாக இருந்தார்கள். தினேஸ்வரிக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள்தான். தினேஸ்வரியின் அம்மா தன் மகளுக்கு ஒரு சட்டை எடுத்தால் ஷாமினிக்கும் ஒன்று எடுப்பார்.

ஷாமினிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா தன் வீட்டு முன்னறையிலேயே பல்லுக்குக் கம்பி போட்டுவிடுகிறார் என்று அவள் சொன்னாள். அவளும் அங்கேதான் போட்டிருந்தாள்.

"மூணே மாசம் லா. கிளினிக்ல வேணும்னே இழுத்தடிக்கிறாங்க."

தினேஸ்வரி போனாள். ஒரு சாய்வு நாற்காலி, கையுறை, மேசை விளக்கு. எல்லாம் கிளினிக் மாதிரியே இருந்தது. ஒரே பிற்பகலில் கம்பி ஏறிவிட்டது.

அடுத்த சில வாரத்தில் ஷாமினியின் வாயில் கம்பி இல்லை.

"முடிஞ்சிருச்சு, பாத்தியா?" என்று சிரித்துக் காட்டினாள். பல் வரிசையாகத்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு தினேஸ்வரிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று.

வலி கூடிக்கொண்டே வந்தது. அந்த அக்காவிடம் சொன்னால், "வலிச்சாத்தான் பல்லு நகருதுன்னு அர்த்தம்" என்று கம்பியை மேலும் முறுக்கினார். மூன்று மாதம் ஐந்து மாதம் ஆனது. ஈறு வீங்கிய நாள்களில் ஷாமினி கஞ்சி காய்ச்சி, ஆற்றிக் கொடுத்தாள். "கொஞ்ச நாள்தான் லா. பொறுத்துக்க."

ஒரு காலை, தேநீரில் நனைத்த ரொட்டியைக் கடித்தபோது முன்பல் ஒன்று ஆடியது. நாக்கால் தொட்டாலே அசைந்தது. தினேஸ்வரி யாரிடமும் சொல்லாமல் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்குக் கிளம்பினாள்.

டாக்டர் ஷஹீரா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "யாரு போட்டா இத?" என்று கேட்டார். தினேஸ்வரி சொன்னாள்.

"பல்லு ஒன்னும் இழுத்து நிமித்துற ஆணி இல்லம்மா. எலும்புக்குள்ள மெதுவாத்தான் நகரணும். மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலே அதிகம். இங்க எலும்பே கரைஞ்சு போச்சு. இந்த ஒரு பல்ல காப்பாத்த முடியாது."

வீட்டுக்கு வந்தபோது ஷாமினி அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை தினேஸ்வரி சொல்லி முடித்தாள்.

"எனக்கும் எலும்பு கரையுதுன்னுதான் சொன்னாங்க," என்றாள் ஷாமினி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"எப்போ?"

ஷாமினி அடுப்பை அணைத்தாள்.

"உனக்கு அவங்க கழட்டலியா?"

"நானே கிளினிக் போய்க் கழட்டிட்டேன்."

"அப்பறம் ஏன் முடிஞ்சிருச்சுன்னு சொன்ன?"

"அவரோட அக்கா லா. வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். உனக்கு ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா எனக்குக் கஞ்சி ஆக்கிக் குடுத்த?"

ஷாமினி அழுதாள். தினேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. அந்த வாரமே வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

சுகாதார இலாகாவில் புகார் கொடுத்தாள். அதிகாரிகள் போனபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஷாமினியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் அங்கே கம்பி போடவே இல்லை, அந்த அக்கா அப்படிப்பட்ட தொழில் செய்து பார்த்ததும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். தினேஸ்வரிக்குப் பல் போனதைவிட இதுதான் வலித்தது. முதலில் சொன்ன பொய்யைப் பயத்தில் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளலாம். இது உட்கார்ந்து யோசித்து எழுதிய பொய்.

உடனே புதுக் கம்பி போட முடியவில்லை. ஈறு ஆறுவதற்கே எட்டு மாதம் பிடித்தது. கம்பி போடும் நாள் வந்தபோது, நாற்காலியில் சாய்வதற்கு முன் தினேஸ்வரி தயங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். உங்க சர்டிபிகேட்டப் பாக்கலாமா?"

ஷஹீரா சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். "நல்லாப் படிங்க. எல்லாரும் கேக்கணும்."

பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் மாதம் ஒரு தடவை போனாள். பல மாதம் ஒன்றுமே மாறாதது போல இருக்கும். "இன்னும் எவ்ளோ நாளு டாக்டர்?" என்று கேட்பாள். "தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் பாப்போம்," என்பார் ஷஹீரா. அந்தப் பதில் ஆரம்பத்தில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போக, மூன்றே மாதம் என்று சொல்பவரைவிடத் தெரியாது என்று சொல்பவரிடம் வாயைத் திறப்பது சுலபமாகிவிட்டது.

கடைசியில் ஒருநாள் கம்பியைக் கழற்றினார்கள். போன பல்லின் இடத்தில் ஒரு செயற்கைப் பல் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் நிறம் கொஞ்சம் வேறு. பல் பழைய இடத்துக்கு நகர்ந்துவிடாமல் இருக்க, தூங்கும்போது பல்லின் அச்சில் செய்த ஒரு தட்டை மாட்டிக்கொள்கிறாள்.

ஷாமினி கல்யாணமாகி லூமுட்டுக்குப் போய்விட்டாள். ஒருநாள் டிக்கெட் வாங்க அதே கவுண்டருக்கு வந்து நின்றாள்.

"பல்லு அழகா இருக்கு தினேஸ்."

"ம்."

"இன்னும் கோவமா? அன்னிக்கு எழுதிக் குடுத்தது, அவங்க வீட்ல எல்லாரும் நின்னுக்கிட்டு..."

தினேஸ்வரி அவளை நேராகப் பார்த்தாள்.

"கோவம் போயிருச்சு ஷாமினி. நீ இனிமே என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. அவ்ளோதான்."

பின்னால் வரிசை நின்றிருந்தது. தினேஸ்வரி டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். ஷாமினி சில்லறையை எண்ணாமலே பைக்குள் போட்டாள். பிறகு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.