முப்பத்திரண்டு செப்புத் துண்டுகள்

அந்தப் பட்டறையில் யாரும் மெஷினை உள்ளங்கையால் தொட மாட்டார்கள். காலையில் வந்ததும் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். கரண்ட் சுருக்கென்று இழுத்தால் அன்றைக்குப் பலகை போட்டு, அதன்மேல் நின்று வேலை. இழுக்காவிட்டால் வெறும் தரை. இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நலம் விசாரிப்பு'.

பட்டறை எலக்ட்ரீஷியனுக்கு அந்தப் பேரே பிடிக்காது. தண்ணீர் சொட்டும் கிரைண்டிங் மெஷினிடம் தினமும் நலம் விசாரிப்பவள் அவருடைய மனைவி.

ஆறு வருஷமாக முதலாளியிடம் டிரிப்பர் கேட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் கண் இமைப்பதற்குள் லைனை வெட்டிவிடும் சுவிட்ச். பழைய பியூஸ் கட்டைக்கு அந்த அறிவு கிடையாது. ஒயர் உருகினால்தான் அதற்கு விஷயமே தெரியும். ஆள் விழுந்தால் தெரியாது. இந்த வருஷம் சோதனைக்கு வருவதாக மின் ஆய்வு ஆபீசிலிருந்து கடிதம் வந்ததால் முதலாளி வாங்கிக் கொடுத்தார். கல்லில் நார் உரித்த கதைதான்.

திங்கட்கிழமை காலையில் மாட்டினார். மூன்றாவது நிமிஷம் 'டப்' என்று விழுந்தது. தூக்கிவிட்டார். மறுபடியும் 'டப்'. மத்தியானத்துக்குள் பதினொரு தடவை.

"பியூஸண்ணே, இது டிரிப்பரா, ஸ்கூல் மணியா?" என்றான் லேத்துக்காரன்.

"புதுசுப்பா. பழகணும்."

"வீட்டுக்கு வந்த மருமககூட ஒரு நாள் பொறுத்துப்பாண்ணே!"

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும், மனைவியின் மெஷினுக்குப் பக்கத்து சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து விரல் நீளச் செப்புத் துண்டு ஒன்று முறுக்கியிருந்தது. முனையில் சின்னதாக ஒரு கொக்கி. அந்த மாதிரி வளைக்கிற கை அங்கே ஒன்றுதான். அவருடையது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்தொரு சாக்கெட் மாட்டினார். ஒன்பதாவதிலேயே எர்த் ஒயர் தீர்ந்துபோனது. விடிந்தால் சோதனை. மீதி முப்பத்திரண்டிலும் தலா ஒரு செப்புத் துண்டு வைத்து மூடினார். எர்த் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை விளக்கு பளிச்சென்று எரிந்தது. வந்த ஆபீசர் கையெழுத்துப் போட்டார். ஒயர் வந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஒயரும் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஓடுகிற மெஷினை யார் நிறுத்துவார்கள்?

கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரையே மெஷினின் உடம்போடு கட்டி வைத்திருந்தார். அந்த ஒயர் எங்காவது கழன்றால் மெஷின் முழுக்கக் கரண்ட் ஏறும். திரும்பும் கரண்டில் கொஞ்சம் மெஷின் வழியே தரைக்குக் கசிந்துகொண்டும் இருந்தது. டிரிப்பரில் ஒரு பழுதும் இல்லை. அது ஒவ்வொரு தடவையும் திருடனைச் சரியாகத்தான் பிடித்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் 'மட்டமான சரக்கு' என்று டிரிப்பரைத் தூக்கிப் போடுவார்கள். சொன்னால் வேலை போகும். போகட்டும் என்று முதலாளியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"நாலு நாள் லைனை நிறுத்துங்க சார். எதிர்ச் சுவத்துல ஒழுங்கா எர்த் கொடுத்த ஒன்பது சாக்கெட்டுலேர்ந்து கூரை வழியா எல்லாத்துக்கும் எர்த் இழுத்துடறேன். சம்பளம் வேண்டாம். அப்புறம் என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் சரி."

முதலாளி சிரித்தார். "பதினெட்டு வருஷமா இப்படியேவாய்யா ஓடுது?"

"ஆமா சார்."

"யாராவது செத்தாங்களா?"

"இல்ல சார். ஆனா..."

"அப்புறம் என்ன? நீயே கேரண்டி கொடுத்துட்ட! கை நல்ல கைய்யா உன் கை. டிரிப்பர் பெட்டியிலயே இருக்கட்டும், வர்றவங்க கண்ணுக்கு. லைனை மட்டும் அதைத் தாண்டிக் கொடுத்துடு."

"அந்த கிரைண்டிங் மெஷினுக்காவது, சார்..."

"பொண்டாட்டிக்கு மட்டுமா? மத்தவன் கேக்க மாட்டான்? உன்னால முடியலேன்னா சொல்லு, வெளியாளைக் கூப்பிடறேன். அவன் பியூஸ் கட்டையில ஒயருக்குப் பதிலா ஆணியைச் சொருகிட்டுப் போவான்."

திட்டுக்கும் துரத்தலுக்கும் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தார். கிடைத்தது பாராட்டு.

அவரே செய்தார். ஆணி சொருகுகிறவன் கைக்கு விட மனசு வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இருபது நிமிஷ வேலை. டிரிப்பரின் பிடி நிமிர்ந்து நின்றது. இனி விழவே விழாது.

மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும், "பியூஸண்ணன்னா பியூஸண்ணன்தான்!" என்று லேத்துக்காரன் கத்தினான். நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சரியாயிடுச்சாங்க?"

"ஓடும்."

"ஓடும்னா?"

"பலகையை விட்டு இறங்காத. இடது கையை எதுலயும் வைக்காத."

அவள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகையைக் காலால் இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். புறங்கையால் மெஷினைத் தட்டினாள். கை வெடுக்கென்று பின்னால் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், விரல்களை உதறிக்கொண்டே. "உங்களைத்தான் விசாரிச்சுது."